முகவரி பிறக்கும் முறை

தலைநகருக்குப் படிக்க வரும் தமிழ் மாணவன் முதன்முதலாகக் கற்றுக்கொள்வது பாடம் அன்று, முகவரி. எந்த மெட்ரோ நிலையத்தில் இறங்குவது, எந்த வாயிலில் வெளியேறுவது, ஆட்டோ ஓட்டுநரிடம் எந்தப் பெயரைச் சொல்வது என்பனவற்றை அறிந்த பிறகே மற்றவை. இந்தக் கட்டுரையும் முகவரி பற்றியதுதான். ஆனால் இது தெருவின் முகவரி அன்று. இணையப் பக்கத்தின் முகவரி. நம் மன்றத்தின் இணையதளத்தைக் கவனிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்து வருகிறது. அதில் நான் செய்த பிழை ஒன்றும், அதனால் நான் கற்ற பாடமும் நண்பர்களுக்குப் பயன்படும் என்று கருதியே எழுதத் துணிந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். புதிதாக வரும் மாணவர்களுக்காக நாம் ஒரு கையேடு எழுதித் தளத்தில் வைத்திருந்தோம். புது தில்லி நிலையத்தில் எந்தப் பக்கம் வெளியேறினால் மெட்ரோ கிட்டும், சேர்க்கைக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும், விடுதியில் இடம் கிடைக்கும்வரை எங்கே தங்கலாம், இட்டிலி எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தன. அந்தப் பக்கத்தின் முகவரியை க்யூஆர் கட்டமாக்கித் துண்டு அறிக்கையில் அச்சிட்டு, தமிழகத்திலிருந்து வரவிருந்தவர்களுக்கு அனுப்பிவிட்டோம். அதன்பின் மன்றக் கூட்டத்தில் ஒருவர், “தளத்தின் மெனு ஒழுங்காக இல்லை, கையேடு ‘மாணவர் நலம்’ என்பதன்கீழ் ஒளிந்து கிடக்கிறது, அதைச் ‘சேர்க்கை’ என்பதன்கீழ் கொண்டு வாருங்கள்” என்றார். நியாயமான பேச்சு. நானும் சுட்டியால் பிடித்து இழுத்து அங்கே வைத்தேன். ஒரு நிமிட வேலை. மெனு அழகாகவே இருந்தது.

நான்கு நாள் கழித்து விருதுநகர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் தம் அன்னையாருடனும் இரண்டு பெட்டிகளுடனும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்கினார். துண்டு அறிக்கையை எடுத்துக் கட்டத்தைக் கைபேசியில் காட்டினார். “பக்கம் காணப்படவில்லை” என்று வந்தது. அறிக்கையில் தொலைபேசி எண் அச்சிடவில்லை. அதுவும் நம் குறைதான். இந்தி அறியாத தாயும் மகனும் நிலையத்தில் மூன்று மணி நேரம் அலைந்து, ஊரில் யாரையோ பிடித்து, அவர் மூலம் என் எண்ணைப் பெற்றனர். அழைத்துவரப் போனபோது அந்த அம்மையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “தம்பி, சாப்பிட்டாச்சா?” என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நடந்தது என்ன? முகவரியைத் தானே உண்டாக்கும் நிரல் ஒன்றை நான் எழுதியிருந்தேன். அது நான் சொன்னபடியே செய்தது. அவ்வளவுதான்.

அந்த நிரலின் வேலையை விளக்குகிறேன். மெனுவில் உள்ள ஒவ்வோர் உருப்படிக்கும் தரவுத்தளத்தில் ஒரு வரி உண்டு. அந்த வரியில் மூன்று செய்திகள் போதும்: அதன் எண், அதன் பெயர், அதன் தாய் உருப்படியின் எண். ‘தங்குமிடம்’ என்ற பக்கத்துக்கு முகவரி வேண்டும் என்றால், நிரல் அதனிடம், “உன் தாய் யார்?” என்று கேட்கும். “புதியவர் கையேடு” என்று விடை வரும். கையேட்டிடம் அதே கேள்வி. “மாணவர் நலம்” என்று விடை வரும். அதனிடமும் கேட்டால் “முகப்பு” என்று வரும். முகப்புக்குத் தாய் இல்லை. அங்கே கேள்வி நின்றுவிடும். வழியில் திரட்டிய பெயர்களைத் தலைகீழாக அடுக்கி, இடையிடையே சாய்கோடு இட்டு, சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைச் சிறுகோடாக்கினால், மாணவர்-நலம்/புதியவர்-கையேடு/தங்குமிடம் என்ற முகவரி பிறந்துவிடும். முகப்பின் பெயரைச் சேர்ப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவான பாட்டியின் பெயரை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியதில்லை அன்றோ?

சில காவல்கள் வேண்டும். ஒரே தாயின்கீழ் ‘பொங்கல் விழா’ என்று இரு பக்கங்கள் இருந்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி வந்துவிடும். ஆகவே பின்னதற்கு ஆண்டையோ எண்ணையோ சேர்க்க வேண்டும். ஒரு பக்கத்தை அதன் பேரப்பிள்ளையின்கீழ் யாரேனும் தவறி வைத்துவிட்டால், “உன் தாய் யார்?” என்ற கேள்வி வட்டமடித்துக்கொண்டே இருக்கும், நிரல் நிற்காது. எனவே வைக்கும்போதே சோதித்துத் தடுக்க வேண்டும். இவை எளியவை. எந்தப் பயிற்சி நூலைப் பார்த்தும் எழுதிவிடலாம். நானும் எழுதிவிட்டேன். தவறு வேறிடத்தில் இருந்தது.

அதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பெயர் வழக்கே போதும். ஊர், தந்தை பெயர், தன் பெயர் என்று வரிசையாக வைத்து, முன்னிரண்டையும் தலைப்பெழுத்தாகச் சுருக்குவது தமிழரிடையே நெடுநாள் வழக்கம். எஸ். ஆர். அரங்கநாதன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எஸ்’ என்பது ஷியாலி, அதாவது சீர்காழி. ‘ஆர்’ என்பது இராமாமிர்தம் என்ற தந்தையார் பெயர். மேலிருந்து கீழிறங்கும் முகவரியே இது. அவர் 1892-இல் பிறந்தார். சென்னைக்குப் போனார், பின்பு தில்லிக்கும் வந்தார். தில்லிக்கு வந்துவிட்டார் என்பதற்காக அவர் தலைப்பெழுத்து ‘டி’ ஆகிவிடவில்லை. பிறந்தபோது இருந்த படிநிலையிலிருந்து பெயர் உண்டாயிற்று. உண்டான பின் நின்றுவிட்டது. என் நிரலோ, கையேடு வீடு மாறிய அன்றே அதன் தலைப்பெழுத்தையும் மாற்றிவிட்டது. பழைய பெயரைச் சொல்லி அழைத்தவர்க்கு, “அப்படி ஒருவர் இல்லை” என்று விடை சொல்லியது.

அரங்கநாதனைச் சும்மா உவமைக்காக இழுக்கவில்லை. முகவரியை விதியால் உண்டாக்கும் கலையில் அவரைவிடப் பெரிய தமிழர் இல்லை. கணித ஆசிரியராக இருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகவியல் கற்க இலண்டன் சென்றபோது, ஒரு கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில பட்டைகளும் ஆணிகளும் கொண்டு விதவிதமான பொறிகளைப் பிள்ளைகள் பூட்டிக் காட்டும் பொருள் அது. நூல்களின் பொருளையும் இப்படிச் சிறு துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்று எண்ணினார். அதன் விளைவே 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. 1947 முதல் சில ஆண்டுகள் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்தவர் அவர் என்பதை இங்குப் படிக்கும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் முறையில் ஒரு நூலின் எண்ணை யாரும் பட்டியலில் தேடி எடுப்பதில்லை, உண்டாக்குகிறார்கள். பாரதியார் கவிதைகளைக் கொள்வோம். இலக்கியத்துக்கு ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து. தமிழுக்கு 31. ஒரு காற்புள்ளி. கவிதைக்கு 1. பிறகு கவிஞர் பிறந்த ஆண்டு: 1800-களுக்கு ‘எம்’, அதனோடு 82. இவற்றைச் சேர்த்தால் பாரதியாருக்கு இடம் கிடைத்துவிடும். ஷேக்ஸ்பியருக்கு வேண்டுமா? அதே ‘ஓ’, ஆங்கிலத்துக்கு 111, நாடகத்துக்கு 2, 1500-களுக்கு ‘ஜே’, அதனோடு 64. சீர்காழியிலிருந்தாலும் சிகாகோவிலிருந்தாலும், விதி அறிந்த நூலகர் இதே எண்ணைத்தான் அடைவார். கணினியின் நிரல் செய்யும் வேலையைக் கணினி பரவுவதற்கு முன்பே தாளும் பென்சிலும் கொண்டு செய்து காட்டியவர் அவர்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய நூலகங்கள் பலவற்றில் எண் என்பது அலமாரியின் எண். மூன்றாம் அலமாரி, நான்காம் தட்டு, பன்னிரண்டாம் புத்தகம் என்று குறிப்பார்கள். புத்தகம் பெருகி அலமாரி மாறினால் எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டும். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு, எண்ணை அலமாரியிலிருந்து பிரித்துப் பொருளோடு கட்டியது. அதன்பின் கட்டடமே மாறினாலும் புத்தகத்தின் எண் மாறவில்லை. மெனு என்பது அலமாரி. இன்றைக்கு வசதியாக இருக்கும். அடுத்த செயலாளர் வந்தால் இடம் மாறும். நான் அலமாரியின் எண்ணைப் புத்தகத்தின் முதுகில் எழுதினேன். அதுதான் பிழை.

பொருளோடு கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டா. பொருளைப் பற்றிய நம் கருத்தும் மாறும். கோலன் பகுப்பின் ஏழாம் பதிப்பு 1987-இல் பெரு மாற்றங்களோடு வந்தபோது, ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு எண் மாற்ற யாரால் முடியும் என்று பல நூலகங்கள் ஆறாம் பதிப்போடு நின்றுவிட்டன. உலகளாவிய வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் எழுதிய ஒரு குறிப்பிலும், மாறக்கூடியவற்றை முகவரியில் வைக்காதீர்கள் என்று கூறி, அவற்றுள் பொருட்பகுப்பையும் சேர்த்திருக்கிறார். எழுதியவர் பெயர், பக்கத்தின் நிலை, கோப்பின் வகை ஆகியனவும் அவர் விலக்கச் சொன்னவை. நான் அதைப் பிழை செய்த பிறகே படித்தேன்.

படிநிலையே வேண்டா என்றால் எதைப் பற்றிக்கொள்வது? இதற்கு நல்ல விடை தபால் நிலையத்தில் இருக்கிறது. 1972 ஆகஸ்டு 15-ஆம் நாள் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பின்கோடு ஆறு இலக்கம் உடையது. முதல் இலக்கம் நாட்டின் பெரும்பகுதியையும், இரண்டாவது அதன் உட்பகுதியையும், மூன்றாவது கடிதம் பிரிக்கும் வட்டாரத்தையும், கடைசி மூன்றும் கடிதம் கொடுக்கும் அஞ்சலகத்தையும் குறிக்கும். தில்லி 11, தில்லிப் பல்கலைக்கழகப் பகுதி 110007. இதுவும் படிநிலையிலிருந்து பிறந்த முகவரியே. ஆனால் அது எந்தப் படிநிலை? அரசாட்சியின் படிநிலை அன்று. கடிதம் போகும் வழியின் படிநிலை.

புதுச்சேரியைப் பாருங்கள். ஆட்சிப் பட்டியலில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். தபாலிலோ புதுச்சேரி 605001, காரைக்கால் 609602. மாகி கேரளத்து எண்களின் நடுவே 673310. ஏனாம் ஆந்திரத்து எண்களின் நடுவே 533464. மெனு ஒன்று, முகவரி வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சீர்காழியின் கதையும் சுவையானது. அரங்கநாதன் பிறந்தபோது தஞ்சை மாவட்டத்தில் இருந்த ஊர், 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டத்திற்குப் போயிற்று; 2020-இல் மயிலாடுதுறை மாவட்டத்திற்கு வந்தது. 609110 என்று எழுதினால் கடிதம் சீர்காழிக்கே போகும். அந்த எண்ணுக்குள் மாவட்டத்தின் பெயர் இல்லை. 2000-இல் உத்தராகண்டம் தனி மாநிலமாயிற்று. டேராடூன் 248001 என்று உத்தரப் பிரதேசத்தின் 2-ஆம் பகுதியிலேயே இருக்கிறது. 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று. 600001-க்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. மாநிலம் பிரியும்போதெல்லாம் ஊர்களின் எண்ணையும் மாற்றியிருந்தால், எத்தனை நேர்முகக் கடிதங்களும் மணியார்டர்களும் வழி தவறியிருக்கும்!

ஆகவே நான் நிரலை மூன்று இடங்களில் திருத்தினேன். முதலாவது, மெனுவுக்கு ஓர் அட்டவணை, முகவரிக்கு வேறோர் அட்டவணை என்று பிரித்தேன். பக்கம் பிறக்கும்போது மெனுவைப் பார்த்து முகவரி தானாகவே உண்டாகும். அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் உண்டான முகவரி அட்டவணையில் எழுதப்பட்டு அங்கேயே நிற்கும். பின்பு மெனுவில் பக்கம் எங்கே போனாலும் முகவரி அசையாது. இரண்டாவது, எழுத்துப் பிழை போன்ற காரணத்தால் முகவரியை மாற்றியே தீர வேண்டும் என்றால், பழையது அழிக்கப்படாமல், “இவர் நிரந்தரமாக அங்கே குடிபெயர்ந்தார்” என்று சொல்லும் 301 என்ற குறிப்போடு வருபவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும். பழைய முகவரியை வேறு பக்கத்துக்குக் கொடுக்க நிரல் ஒப்பாது. இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் முகவரி இரண்டாவதைக் காட்ட, இரண்டாவது மூன்றாவதைக் காட்ட, அது மீண்டும் முதலாவதைக் காட்டினால், வருபவர் அரசாங்க அலுவலகத்தில் மேசைக்கு மேசை அலைவதுபோல் அலைவார். ஆதலால் பழைய முகவரி அடுத்த முகவரியைச் சுட்டாமல், பக்கத்தின் எண்ணையே சுட்டும்படி வைத்தேன்.

மூன்றாவது மாற்றம் நம் எழுத்தைப் பற்றியது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். தமிழில் தளம் அமைப்போர் எல்லாரும் இதில் இடறுகின்றனர்.

தலைப்பிலிருந்து முகவரித் துண்டு ஆக்கும்போது, எழுத்தும் எண்ணும் அல்லாத குறிகளை நீக்குவது வழக்கம். இணையத்தில் கிடைத்த ஒரு நிரல்துண்டை நான் அப்படியே எடுத்துச் சேர்த்தேன். ‘பொங்கல் விழா’ என்று கொடுத்தால் ‘பஙகல-வழ’ என்று வந்தது! காரணம் இது: கணினி எழுத்துமுறையாகிய யூனிகோடில் ப, க, ழ போன்றவை எழுத்துகள்; கொம்பு, கால், விசிறி, புள்ளி ஆகியவை எழுத்தோடு ஒட்டும் குறிகள் என்று தனி வகையில் வைக்கப்பட்டுள்ளன. எழுத்தை மட்டும் வைத்துக்கொள் என்றதும் நிரல் நம் உயிர்க்குறிகளையெல்லாம் களையெடுத்துவிட்டது. ஒட்டுக்குறிகளையும் வைத்துக்கொள் என்று தனியே சொல்ல வேண்டும்.

அடுத்த இடர் கண்ணுக்கே தெரியாது. ‘பொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு முகவரி. ஒருவர் விசைப்பலகையில் திறக்கும் பக்கம் மற்றவர் விசைப்பலகையில் திறக்காது. எல்லாவற்றையும் முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, அதன்பின்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று நீளம். இணைய முகவரி அடிப்படையில் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையுமே ஏற்கும். தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு. ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக மாறிப் போகும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். ‘பொங்கல்’ என்பதில் 7 குறிகள். வழியில் அது 63 இடத்தை அடைத்துக்கொள்ளும். ‘விழா’ 36. உலாவியில் தமிழாகத் தெரியும் முகவரியை எடுத்துக் கடிதத்தில் ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகள் எறும்புச்சாரை போல் ஊர்வது இதனால்தான். நீளம் கூடக் கூட க்யூஆர் கட்டமும் நெருக்கமாகிச் சிறு தாளில் அச்சிட்டால் கைபேசிக்கு விளங்காமல் போகும்.

“ஆங்கில எழுத்திலேயே வைத்துவிடு” என்று சில நண்பர்கள் கூறினர். தமிழ் மன்றத்தின் முகவரியிலிருந்தே தமிழைத் துரத்துவதா என்று வேறு சிலர் சினந்தனர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. நான் அஞ்சல் துறையைப் பின்பற்றினேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எண். எண்ணுக்குப் பின் தமிழ்த் தலைப்பு. கையேட்டின் முகவரி 42/புதியவர்-கையேடு என்று நிற்கிறது. நிரல் பார்ப்பது 42-ஐ மட்டுமே. பின்னால் உள்ள சொற்கள் மனிதர் படிப்பதற்காக. அவை சிதைந்தாலும், பாதியில் அறுந்தாலும் பக்கம் திறக்கும். தாளில் அச்சிடும்போது 42-ஓடு நிறுத்திக்கொள்கிறோம். எந்தக் கிளையின்கீழ் இருக்கிறது என்பதைப் பக்கத்தின் உச்சியில், முகப்பு, சேர்க்கை, கையேடு என்று வரிசையாகக் காட்டுகிறோம். அந்த வரிசை மெனுவிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகவே உண்டாகிறது. மாறினாலும் யாருக்கும் நட்டமில்லை.

பழைய துண்டு அறிக்கையில் அச்சான நீண்ட முகவரியையும் அட்டவணையில் சேர்த்துவிட்டேன். சென்ற ஜூலையில் தளத்தின் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது அந்தப் பழைய முகவரி பதினொரு முறை தட்டப்பட்டிருந்தது. இரண்டாண்டுத் தாள் யார் கையில் இன்னும் இருக்கிறது என்று வியந்தேன். விருதுநகர்த் தம்பியைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, தம் பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அதில் என் தொலைபேசி எண்ணையும் பேனாவால் எழுதியிருக்கிறாராம்.